வெள்ளை விமானத்துக்கு மஞ்சள் வால்

அந்த விமானத்தை மாற்றியது என் அண்ணன் இல்லை. நான். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். நம் ஆட்கள் கடைசி வரை படிக்க மாட்டார்கள்.

பழைய மாணவர் மலருக்குக் கட்டுரை கேட்டீர்கள். ஆண்களுக்கு 'எங்கள் விளையாட்டுத் திடல்', 'அந்தக் காலத்துப் பேருந்துப் பயணம்' என்றெல்லாம் தலைப்புக் கொடுத்தீர்கள். எனக்கு வந்த தலைப்பு 'அன்னாசி ஊறுகாய்'. நான் அன்னாசியில் ஊறுகாய் போட்டதே இல்லை. என் அம்மாவும் போட்டதில்லை. நாங்கள் அன்னாசி விற்றோம், அவ்வளவுதான். அதனால் தலைப்பை நானே மாற்றிக்கொண்டேன். பிடிக்காவிட்டால் போடாதீர்கள்.

போன மாதம் பெர்மாஸ் ஜெயாவில் நடந்த கல்யாண விருந்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. நம் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தானே, இப்போது லாரி கம்பெனி வைத்திருக்கிறான், அவன் என் அண்ணன் தோளில் கை போட்டு மேசை முழுக்கக் கேட்கும்படி சொன்னான்.

"இவன் யாரு தெரியுமா? சின்ன வயசுலயே ரெண்டு எஞ்சின் ப்ளேன வெட்டி மாத்திப் பறக்க விட்டவன் லா! ஃபேக்டரி மண்டோரே அசந்துட்டாரு!"

அண்ணன் பிரியாணியிலிருந்து தலையைத் தூக்கிச் சிரித்தான். மறுபடியும் குனிந்துகொண்டான்.

"அது நான்" என்றேன்.

"நீயா? நீ அங்க தண்ணி போத்தல் தூக்கிட்டு நின்ன."

"அது தண்ணி இல்ல. எண்ணெய்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் வேடிக்கை காட்டியதாக நினைத்துவிட்டார்கள். திரும்பி வரும்போது காரில் அண்ணனைக் கேட்டேன். "ஏண்ணே வாயே திறக்கல?"

"விடு லா. பழைய கதை. யாரு செஞ்சா என்னா?"

யார் செய்தால் என்ன என்று செய்தவர்கள் யாரும் கேட்பதில்லை. சரி, நடந்ததைச் சொல்கிறேன். உங்களில் பாதிப் பேர் அன்று அங்கே நின்றீர்கள். கண் இருந்தது. பார்க்கத்தான் இல்லை.

பெக்கான் நானாஸில் எங்கள் வீடு அன்னாசித் தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்தது. மழை மாதத்தில் அந்த இடம் எப்படி நாறும் என்று உங்களுக்குத் தெரியும். குவித்துப் போட்ட அன்னாசித் தோல் மழையில் ஊறிப் புளித்து, துணியிலும் தலையிலும் ஏறிக்கொள்ளும். அப்பா அங்கே வேலை செய்தார். சாறு பட்டுப் பட்டு அவர் விரல் நுனியில் தோல் எப்போதும் வெளுத்து உரிந்திருக்கும். அம்மா ஜொகூர் பாரு போகும் சாலை ஓரத்தில் கடை போட்டு அன்னாசி விற்றார்.

மாமா, அம்மாவின் தம்பி. சிங்கப்பூரில் கப்பல் கட்டும் இடத்தில் வேலை. வாரம் முழுக்க அங்கேயே தங்கிவிட்டுச் சனிக்கிழமை வருவார். வரும்போது பிஸ்கட் டின், பழைய வானொலி, யாரோ வேண்டாம் என்று கொடுத்த சட்டை என்று ஏதாவது கையில் இருக்கும். ஒரு வருடம் பழைய ரிமோட் விமானம் ஒன்று கொண்டுவந்தார். ஒற்றை எஞ்சின், மஞ்சள் நிறம். அதில்தான் அவரும் அண்ணனும் நானும் ஓட்டப் பழகினோம். அண்ணன் அதை மரத்தில் மோதி உடைத்தான். உடைந்ததைக் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்தோம்.

அடுத்த வருட இறுதி விடுமுறையில் மாமா பெரிய பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே விமானத்தின் துண்டுகள். பால்சா மரத்தில் செய்தவை. கையில் எடுத்தால் எடையே தெரியாது, நகம் பட்டால் பள்ளம் விழும். இரண்டு சின்ன எஞ்சின்கள், எஞ்சினுக்கொரு எண்ணெய் டாங்கு. இறக்கையின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அடியில் மடித்து வைத்த பெரிய டிராயிங். எழுத்து ஜப்பான் மொழியில் இருந்தது. கோடு எல்லாருக்கும் புரியும்.

"இது ஒனக்குத்தான்டா" என்று மாமா அண்ணனிடம் சொன்னார். "ஆம்பளப் புள்ள கைத்தொழில் கத்துக்கணும்."

அண்ணனுக்குப் பந்து விளையாடத்தான் பிடிக்கும். மாமா டிராயிங்கைக் கதவில் குத்தி வைத்து, கோடு கோடாகப் பார்த்து ஒட்டினார். அண்ணன் பக்கத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். நான் பசை பிடித்த துண்டுகளைக் காயும் வரை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். இதற்கு நன்றாகக் கை கொடுத்தேன் என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே யாருக்கும் தோன்றவில்லை.

பறக்க விட்ட இடம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஊருக்கு வெளியே வீடு கட்டப் போகிறோம் என்று செம்மண்ணைக் கொட்டி உருளை ஓட்டி வைத்திருந்தார்கள். வீடு மட்டும் வரவில்லை. சுற்றி அன்னாசித் தோட்டம். மண்தள்ளும் இயந்திரங்களுக்குக் காவலாக ஒரு மலாய்க்காரப் பெரியவர் இருந்தார், பாக்சிக் என்று கூப்பிடுவோம். அவர் தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு எங்களை வேடிக்கை பார்ப்பார்.

முதல் தடவை மாமா ஓட்டினார். இரண்டு எஞ்சினும் சேர்ந்து இரைந்தபோது என் பல் கூசியது. ஆமணக்கெண்ணெய் கருகும் வாசனை, நீலப் புகை. விமானம் அழகாகத்தான் ஏறியது. இரண்டாவது சுற்றில் இடது எஞ்சின் இருமியது. நின்றது. மறு நொடி விமானம் இடது பக்கம் திரும்பி, சாய்ந்து, புரண்டு, தலைகீழாகத் தோட்டத்துக்குள் போனது.

"ஜாத்து! ஜாத்து!" என்று பாக்சிக் எழுந்து நின்று கத்தினார். விழுந்ததை நாங்களும்தான் பார்த்தோம்.

அன்னாசி இலையின் ஓரம் ரம்பம் மாதிரி. நானும் அண்ணனும் முழங்கால் வரை கிழித்துக்கொண்டு எடுத்து வந்தோம். உடல் நன்றாக இருந்தது. இறக்கை இரண்டாக ஒடிந்திருந்தது.

"எஞ்சின்ல தூசி" என்றார் மாமா. "இறக்கைய டிராயிங் பாத்து ஒட்டி வைடா. அடுத்த வாரம் பாக்கலாம்." சொல்லிவிட்டுச் சிங்கப்பூர் பேருந்து ஏறிவிட்டார்.

தூசி இல்லை. எனக்கு அது அப்போதே தெரியும். எப்படி என்றால், அம்மாவின் கைவண்டி.

தோட்டத்திலிருந்து கடைக்கு அன்னாசி தள்ளிக்கொண்டு போகும் வண்டி அது. பின்னால் நீளக் கம்பி. அண்ணன் ஒரு கோடியில், நான் மறு கோடியில் நின்று தள்ளுவோம். வழியில் ஏதாவது பறவையைக் கண்டால் அண்ணன் சொல்லாமல் கையை விட்டுவிட்டு ஓடுவான். வண்டி உடனே அவன் பக்கம் திரும்பிப் பரிட்டில், அந்தத் தோட்டத்து வாய்க்காலில், போய் இறங்கும். திட்டு எனக்கு. ஒரு நாள் அலுத்துப்போய், "நடுவுல வந்து என்கூட ஒட்டி நின்னு தள்ளு" என்றேன். தோளோடு தோள் இடித்தபடி தள்ளினோம். அன்றும் அவன் கையை விட்டான். வண்டி கொஞ்சம் ஆடியது. ஆனால் நேராகத்தான் போனது.

விமானம் விழுந்தபோது நான் அந்த வண்டியைத்தான் பார்த்தேன். இரண்டு எஞ்சினும் உடலைவிட்டு அவ்வளவு தூரத்தில் இருந்தால், ஒன்று நின்றதும் மற்றது சுற்றிப் புரட்டிவிடும்.

அண்ணன் பந்து விளையாடப் போனான். நான் இறக்கையை எடுத்துக்கொண்டு பின்கட்டில் உட்கார்ந்தேன். எஞ்சின்கள் இருந்த இடத்தை வெட்டி, இரண்டையும் உடலை நோக்கி இழுத்தேன். விசிறி உடலில் உரசாமல் ஒரு விரல் நுழையும் அளவுக்கு நெருக்கி வைத்தேன். சக்கரங்களும் எஞ்சினோடு சேர்ந்து உள்ளே வந்துவிட்டன. பிறகு ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு பக்கத்துத் திருகாணியில் மட்டும் வாஷர் கொடுத்து, மூக்கை லேசாக வெளிப்பக்கம் திருப்பினேன். வண்டியைத் தனியாகத் தள்ளும்போது கம்பியைக் கொஞ்சம் கோணலாகத்தானே தள்ளுவோம், அந்த யோசனைதான். வால் சின்னதாகப் பட்டது. வேறு பால்சா கிடையாது. கட்டிலுக்கடியில் கிடந்த பழைய மஞ்சள் விமானத்தின் வாலை அறுத்து, புது வாலோடு சேர்ந்து திரும்பும்படி அதன் மேல் ஒட்டினேன். பின்பக்கம் கனத்துவிட்டது. சீனர் மளிகைக் கடையில் தூண்டிலுக்கு விற்கும் ஈயக் குண்டு வாங்கி மூக்குக்குள் வைத்தேன். இறக்கைக்கு அடியில் இரண்டு விரல் கொடுத்துத் தூக்கினால் சாயாமல் நின்றது.

பார்க்க அழகாக இல்லை. வெள்ளை விமானத்தில் மஞ்சள் வால் துருத்திக்கொண்டு நின்றது. எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

மாமா சனிக்கிழமை வந்து பார்த்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"யாரு இத வெட்டுனது?"

அண்ணன் என்னைப் பார்த்தான். "நான்தான் மாமா" என்றேன்.

"டிராயிங்ல இப்படியா இருக்கு?"

"டிராயிங்ல இருந்த மாதிரி இருந்தப்பதான் விழுந்துச்சு."

அப்பா கையை ஓங்கிவிட்டார். அம்மா நடுவில் வந்தார். மாமா நாற்காலியில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டார்.

"ஒனக்குத் தெரியாது பாப்பா. எங்க யார்டுல ஒருத்தன் டிராயிங்ல இல்லாத எடத்துல ஒரு கம்பியப் பத்த வெச்சான். அப்படி வெச்சாதான் நல்லா நிக்கும்னான். மறுநாளே மூட்டையக் கட்டி ஊருக்கு அனுப்பிட்டாங்க. டிராயிங் போட்டவன் படிச்சவன். நாம அதுல கை வைக்கக் கூடாது."

"கம்பி நின்னுச்சா?"

"என்னா?"

"அவரு வெச்ச கம்பி, நல்லா நின்னுச்சா மாமா?"

மாமா டிராயிங்கின் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பாதான் சொன்னார். "வாய் நீளுது. அடுத்த வாரம் மாமா வரப்ப எல்லாம் பழையபடி இருக்கணும். இல்லாட்டி பெட்டியில போட்டு அவரே எடுத்துட்டுப் போயிடுவாரு. நீ இனிமே இந்தச் சாமானுங்க பக்கம் வரவே கூடாது. அம்மாகூடக் கடையில ஒக்காரு."

அதுதான் தண்டனை. கடையில் உட்காருவது எனக்குக் கஷ்டமில்லை. இனித் தொடாதே என்றாரே, அதுதான் நெஞ்சில் குத்தியது. அந்த வீட்டில் நான் ஒன்றைத் தொட்டுப் பார்த்துப் புரிந்துகொண்டது அதுதான் முதல் தடவை.

அப்பா இறந்த பிறகு அம்மா ஒன்று சொன்னார். தொழிற்சாலையில் அன்னாசி வெட்டும் இடத்தில் பெண்களுக்கு அடிக்கடி விரல் வெட்டுப்படுமாம். அப்பா ஒரு பலகையை எடுத்துக் கத்திக்கு முன்னால் தடுப்பாகக் கட்டினாராம். வெட்டுப்படுவது குறைந்ததாம். வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் வந்து எல்லார் முன்னாலும் அதைப் பிடுங்கி எறிந்து, அப்பாவை நாள் முழுக்க வாசலில் நிற்க வைத்தாராம். நான் கைக்குழந்தையாக இருந்த காலம். அப்பா எங்களிடம் அதைப் பற்றி வாயே திறந்ததில்லை.

இதைக் கேட்டதும் மனம் உருகி மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். நான் அப்படி எழுதப் போவதில்லை. கோபம் இன்னும் இருக்கிறது. அப்பா மேல் இருந்ததில் பாதியை எடுத்து அந்த மண்டோர் மேல் போட்டிருக்கிறேன். விமானம் விழும் என்று அப்பா பயப்படவில்லை. மாற்றினால் அடி விழும் என்று பயந்தார். தனக்கு விழுந்த அடி எனக்கும் விழக்கூடாது என்று என் கையைக் கட்டப் பார்த்தார். நல்ல எண்ணம்தான். கட்டினால் கட்டுதான்.

அந்த வாரம் நான் எதையும் பழையபடி வைக்கவில்லை. ஒட்டிய இடமெல்லாம் இன்னொரு பூச்சுப் பசை கொடுத்தேன்.

"வெச்சுடு லா" என்றான் அண்ணன். "சும்மா வாங்கிக் கட்டிக்காத."

"நீ போய் பந்து ஆடு."

சனிக்கிழமை மாமாவுக்கு வேலை, வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. மாமா பேருந்திலிருந்து நேராகச் செம்மண் திடலுக்கே வந்தார், விமானத்தைப் பார்த்தார், முகம் கறுத்தது. ஆனால் அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. ரெண்டு எஞ்சின் விமானம் விடப் போகிறோம் என்று அவரே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். நீங்களெல்லாம் சைக்கிளில் வந்துவிட்டீர்கள். தொழிற்சாலையிலிருந்து அதே மண்டோர் வந்திருந்தார், வெள்ளைக் கால்சட்டை, கையில் சிகரெட். அத்தனை பேர் முன்னால் இன்று பறக்காது என்று சொல்ல மாமாவுக்கு மனம் வரவில்லை.

மண்டோர் குனிந்து பார்த்தார். "என்னாப்பா, வாலு வேற கலரா இருக்கு? இப்படியேதான் வந்துச்சா?"

அப்பா கையைப் பிசைந்தார். "சின்னப் புள்ளைங்க வெளையாட்டு சார்."

மாமா ஓட்டினார். விமானம் ஏறியது. சில சுற்றுப் போனதும் வலது எஞ்சின் நின்றுவிட்டது. மாமா வாயைத் திறந்தபடி நின்றார், பாக்சிக் எழுந்தே விட்டார். விமானம் மூக்கை வலது பக்கம் கொஞ்சம் திருப்பியது. மாமா ரிமோட்டில் மஞ்சள் வாலை மறுபக்கம் திருப்பினார். நேராகிவிட்டது. ஒற்றை எஞ்சினில் சுற்றி வந்து இறங்கியது. சக்கரங்கள் நெருங்கியிருந்ததால் தரையில் ஆடி, இறக்கை நுனி மண்ணில் தேய்ந்தது. அது என் வேலையில் இருந்த குறை, ஒத்துக்கொள்கிறேன். விமானம் முழுசாக நின்றது.

நீங்கள் எல்லாரும் ஓடிவந்து யாரைத் தூக்கினீர்கள்? அண்ணனை.

"பையன் கெட்டிக்காரன்பா" என்று மண்டோர் அப்பா முதுகில் தட்டினார். அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. அவர் திருத்தவில்லை. அந்த மனிதர் தன் முதுகில் தட்டியதை இழக்க அவருக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது.

மாமா மட்டும் தலையாட்டினார். "லக்கு. வலது நின்னதால தப்பிச்சுது. போன தடவ நின்னது இடது. இடது நின்னிருந்தா இப்பவும் குப்புற விழுந்திருக்கும்." அதில் கொஞ்சம் உண்மை உண்டு. இரண்டு விசிறியும் ஒரே திசையில் சுற்றும் விமானத்தில் இடது நிற்பதுதான் மோசம் என்று பின்னாளில் தெரிந்துகொண்டேன். மாமாவுக்கு அதற்குக் காரணம் தெரியாது. எனக்கும் அன்று தெரியாது. லக்கு என்றாரே, அந்தச் சொல் மட்டும்தான் எனக்குக் கேட்டது.

அவர் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். "போதும். பிரிச்சுப் பெட்டியில போட்டுடலாம்."

"மாமா, ஒரே ஒரு தடவ நான் ஓட்டுறேன். அப்புறம் பிரிங்க."

அவருக்கு என் மேல் பாசம் உண்டு. அப்பாவைப் பார்த்தார். அப்பா மண்டோரோடு பேசிக்கொண்டிருந்தார். "சரி, சீக்கிரம்" என்றார் மாமா.

நின்றுபோன வலது எஞ்சினை அண்ணனும் நானும் துடைத்துச் சரிசெய்தோம். பிறகு எண்ணெய் போத்தலை எடுத்தேன். அதைத்தான் நீங்கள் தண்ணி என்று நினைத்தீர்கள். வலது டாங்கில் நிறைய ஊற்றினேன். இடது டாங்கில் கொஞ்சம் ஊற்றி நிறுத்திக்கொண்டேன்.

அண்ணன் வாலைப் பிடித்துக்கொண்டிருந்தான். "ஏன் நிறுத்திட்ட? அது பத்தாது."

"தெரியும்."

என்னைப் பார்த்தான். டாங்கைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. "அலமாக்" என்று வாய்க்குள் சொன்னான். ஆனால் காட்டிக்கொடுக்கவில்லை, வாலையும் விடவில்லை. அண்ணே, இதையும் எழுதுகிறேன். நீ செய்ததை நான் மறைக்க மாட்டேன்.

விமானம் ஏறியது. உயரமாக ஏற்றினேன். ரிமோட் பெட்டியின் ஏரியல் என் உயரத்துக்கு நீட்டிக்கொண்டு நின்றது, உள்ளங்கை வேர்த்து வழுக்கியது. சுற்றிச் சுற்றி வந்தேன். எப்போது நிற்கும் என்று தெரியாது. நிற்கும் என்று மட்டும் தெரியும். யாரோ, "பொம்பளப் புள்ள ஓட்டுது பாரு" என்றார்கள். யாரோ சிரித்தார்கள்.

இடது எஞ்சின் இருமியது. நின்றது.

"போச்சு!" என்று மாமா கத்தினார். "குடு! என்கிட்ட குடு!"

நான் கொடுக்கவில்லை. தோளைத் திருப்பிக்கொண்டேன். விமானம் இடது பக்கம் இழுத்தது, முன்னைவிடப் பலமாக. வாலை முழுக்க வலது பக்கம் திருப்பினேன். வலது எஞ்சினைக் கொஞ்சம் அடக்கினேன். இறக்கை சாய்ந்தது. இன்னும் சாய்ந்தது. அங்கேயே நின்றது. புரளவில்லை. அன்னாசித் தோட்டத்துக்கு மேலே கோணலாக, மூக்கை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, நண்டு மாதிரி வந்தது. ஆனால் வந்தது. செம்மண்ணில் இறங்கி, ஆடி, நுனி தேய்ந்து, நின்றது.

எல்லாரும் மாமாவைத்தான் பார்த்தார்கள். பிறகு பாக்சிக் மட்டும் கை தட்டினார்.

மாமா ஸ்க்ரூ டிரைவரோடு போய்க் குத்த வைத்து உட்கார்ந்தார். இடது டாங்கைத் திறந்து பார்த்தார். வலதைத் திறந்து பார்த்தார். மெதுவாகத் திரும்பினார்.

"இதுல எண்ணெய் தீந்துபோயிருக்கு. அதுல பாதி இருக்கு. வேணும்னேவா கொறைச்சு ஊத்துன?"

"ஆமா."

மண்டோர் சிகரெட்டைக் கீழே போட்டார். கூட்டமே திரும்பி என்னைப் பார்த்தது. அப்பா வேகமாக வந்தார்.

"விழுந்திருந்தா? இத்தன பேரு முன்னால விழுந்து நொறுங்கியிருந்தா என்னாடி பண்ணியிருப்ப?"

"எடுத்துட்டு வந்து, இன்னும் கொஞ்சம் மாத்தியிருப்பேன்."

அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா எதையும் பிரிக்காமல் ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.